இடது பக்கம்

கதவுக்கு வெளியிலேயே நாறியது.

உள்ளே மகள். பள்ளி ஆட்டோவிலிருந்து இறங்கியவள் ஓடிப்போய்க் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டாள். கூடத்துத் தரை முழுக்கச் சொட்டுச் சொட்டாக மஞ்சள்.

ஜெசிந்தா துடைத்துக்கொண்டே போனாள். அந்த வாடை குமட்டவில்லை.

குமட்டலெல்லாம் வேறொன்றின் மேல்.

புற்று என்று இடது மார்பை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இன்னும் நைட்டியோடுதான் குளிக்கிறாள். இடது பக்கம் கை போவதில்லை. ஒருநாள் தெரியாமல் பட்டுவிட்டது. உரித்த கோழியைத் தொட்ட மாதிரி. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

“உயிரோட இருக்கியே ஜெசிந்தா, அது போதாதா?” என்றார்கள், பார்க்க வந்தவர்கள்.

அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளைப் பார்த்தாலும் குமட்டியது.

“பெனிட்டா, கதவத் தெற.”

“வராதீங்கம்மா. நான் அசிங்கம்.”

ஏழு வயது. ஆட்டோவில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். விக்கி விக்கிச் சொன்னாள்.

“வயிறு சரியில்ல, அவ்வளவுதான். இதுல என்ன அசிங்கம்? அம்மா கழுவி விடுறேன். தெற.”

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

சாக்ஸ் வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. வெறுங்கையால் கழுவினாள். நகக்கண்ணிலெல்லாம் ஏறியது. பெனிட்டா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுளிக்கிறாளா என்று.

சுளிக்கவில்லை.

துண்டைச் சுற்றி மகளை வெளியே அனுப்பினாள். நைட்டியெல்லாம் தெறித்திருந்தது. கழற்றாமல் முடியாது.

கழற்றினாள்.

குனிந்து பார்த்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோணலாக ஒரு கோடு. அதன் மடிப்பில் வெளுத்த பொருக்கு, வியர்வை, அழுக்கு. மூன்று மாதமாகச் சோப்பே படாத தோல்.

யாரும் கழுவிவிடாத பிள்ளை மாதிரி இருந்தது.

குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். சோப்பை உள்ளங்கையில் நுரைத்தாள். கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள்.

தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரத்துக் கிடந்தது. கைக்குத்தான் தெரிந்தது, அது வெதுவெதுப்பாக இருப்பது.

குமட்டியது. ஓங்கரித்துத் துப்பினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

வெளியிலிருந்து பெனிட்டா கதவைத் தட்டினாள்.

“எம்மா, கஞ்சி வேணும்.”

“கொஞ்சம் பொறு பிள்ள. அம்மா குளிச்சிக்கிட்டு இருக்கேன்.”