இருவாச்சி அத்தியாயம்

“இன்னும் ஒரே ஒரு திருத்தம் தாயி” என்று தனுஷ்கோடி தாளை நீட்டியதும் வின்சிக்குச் சுர்ரென்று ஏறியது.

ஒரே ஒரு திருத்தம் என்று அவர் வந்து நிற்பது இது நாலாவது தடவை. முதல் தடவை, நன்றியுரையில் மனைவி வெள்ளத்தாயின் பெயரை மேலே ஏற்றினார். அடுத்து, பின்னட்டைப் படத்துக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் அட்டையின் பச்சை போதவில்லை.

வின்சி ராஜபாளையத்தில் பதினெட்டு வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையில் கடைசி நிமிஷத்தில் மாப்பிள்ளையையே மாற்றியவர்களைப் பார்த்தவள். ஆனால் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் தனி ரகம்.

“அண்ணாச்சி, இதோட முடிஞ்சுதுன்னு போன தடவையே ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீய. நாளைக்குக் காலைல ஃபைல் சிவகாசிக்குப் போகணும். பதினாலாந்தேதி ஸ்ரீவில்லிபுத்தூர்ல வெளியீட்டு விழா. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு தாயி. எட்டாவது அத்தியாயம் மட்டுந்தான்.”

தனுஷ்கோடி செண்பகத்தோப்புக் காட்டில் முப்பத்திரண்டு வருஷம் வனத்துறை வாட்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் உசத்தி எட்டாவது அத்தியாயம்தான், இருவாச்சிப் பறவை பற்றியது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். வருஷா வருஷம் அதே பொந்துக்குத்தான் வரும். டைப் அடிப்பதைப் படிக்கிற வழக்கமே இல்லாத வின்சிக்கு, அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

தாளைப் பார்த்தாள். ‘ஓடைக்கு மேற்கே’ என்பதை அடித்து ‘கிழக்கே’ என்று எழுதியிருந்தார். ஒரு மைல், நாலு மைலாகியிருந்தது. நாவல் மரம் மருத மரமாகியிருந்தது. பொந்துக்கு வழி காட்டும் படத்தையும் மாற்றி வரைந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, மரமே மாறிப்போச்சு?”

“ஆமா, தப்பா எழுதிப்புட்டேன்.”

“முப்பத்திரண்டு வருசம் பார்த்த மரத்தையா?”

அவர் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். “வயசாயிருச்சுல்ல” என்றவர், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

வின்சியின் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. அவள் அப்பா ஞானராஜுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்ச்சுக்குப் போகிற தெருவை மாற்றிச் சொன்னார். அடுத்த வருஷம் மகள் பெயரே மறந்துபோனது.

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பின்னட்டையில் ‘காட்டை உள்ளங்கை போல் அறிந்தவர்’ என்று ரேஞ்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் விழாவுக்கு வருவார்கள். கிழக்கு மேற்கு தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று நாலு பேர் சிரித்தால் அவர் தாங்குவாரா?

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. புதுத் தாளை டிராயரில் போட்டுவிட்டு, பக்கங்களை முன்பு இருந்தபடியே விட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டாள். கர்த்தருக்குப் பிரியமான காரியம் ஒன்றைச் செய்த திருப்தி அவளுக்கு.

பதினொரு மணிக்குத் தனுஷ்கோடி வந்தார்.

“போயிருச்சா தாயி? ஒரு பிரிண்ட் குடுங்க, கண்ணால பார்த்துக்கிடுதேன்.”

எட்டாவது அத்தியாயத்தைப் புரட்டியவரின் முகம் வெளுத்தது.

“நான் மாத்தச் சொன்னது எங்க?”

“கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. மொதல்ல எழுதுனதுதான் சரின்னு எனக்குப் பட்டுச்சு. ஒங்களுக்கு ஒரு கெட்ட பேர் வந்துரக் கூடாதுன்னுதான்...”

“மொதல்ல போனைப் போட்டு நிப்பாட்டுங்க!”

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. உடனே அச்சகத்துக்குப் போன் போட்டாள். நல்லவேளை, இன்னும் பிளேட் எடுக்கவில்லை. வேறு ஃபைல் வரும் என்று சொல்லி வைத்தாள். தனுஷ்கோடி ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. எது நெசம், மேக்கயா கிழக்கயா?”

“மேக்கதான்.”

“பொறவு எதுக்குத் தப்பா மாத்தச் சொன்னீய? கூட வேலை பார்த்தவிய சிரிக்க மாட்டாவளா?”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுவ. முந்தாநாள் ஒருத்தன் போன் போட்டான். விழா வரைக்கும் பொறுக்காது, ஒரு பிரதி இப்பவே வேணும்னான். புஸ்தகத்துல என்ன எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. பொந்துக்கு வழி போட்டிருக்கான்னு கேட்டான், குஞ்சு எந்த மாசம் பொரிக்கும்னு கேட்டான். பிடிச்சு விக்கிறவன் தாயி. எம்புட்டுப் பேரைப் பார்த்திருக்கேன்.”

வின்சிக்கு வெட்கமாகிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று அந்தப் பறவையை அல்லவா காட்டிக் கொடுக்க இருந்தோம்!

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?”

“நாலு பேர் வந்து போற கடை. எப்படிச் சொல்ல?”

அவள் டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். டைப் அடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

“தப்பா போடுறதுக்குப் பதிலா, இடத்தையே எடுத்துட்டா என்ன?”

“எடுத்துட்டா காடு பூராத் தேடுவான் தாயி. போட்டா, போட்ட இடத்துக்குத்தான் போவான்.”

“அந்த இடத்துல என்ன இருக்கு?”

தனுஷ்கோடி முதல் தடவையாகச் சிரித்தார்.

“எங்க வாட்சர் பயலுவ தங்குற கேம்ப்.”