பொய் சொன்ன முள்

சரஸ்வதிபுரம் சாம்புவின் பழைய கார் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. சாப்பாட்டுப் பையோடு ஆபீஸ் போய் வருவதற்குள் பெட்ரோல் முள் சரிந்துவிடும்.

“முள் பொய் சொல்றது” என்று மீட்டரை மாற்றினார். டாங்க்கையும் மாற்றினார். முள் மறுபடி சரிந்தது.

வெறுத்துப்போய், எதிர்வீட்டு உதயகுமாரிடம் காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

“இனி அவன் பாடு, லலிதா!” என்று மனைவியிடம் சிரித்தார்.

மறுவாரம் உதயகுமார் ரங்கநாதர் பிரசாதத்தோடு வந்தான்.

“ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தும் முள் அசையலை சார்! ஸ்டீயரிங் பக்கத்துல நீட்டிக்கிட்டிருந்த சோக் குமிழை உள்ளே தள்ளினேன், அவ்வளவுதான். குளிர்ல ஸ்டார்ட் பண்ண மட்டும்தானே அதை இழுக்கணும்? வெளியவே இருந்தா பெட்ரோலைக் குடிச்சிடுமே! நீங்க ஏன் எப்பவும் இழுத்தே வெச்சிருந்தீங்க?”

லலிதா முந்திக்கொண்டாள்.

“பை நழுவக் கூடாதுன்னு அதை நன்னா வெளியே இழுத்துவிட்டு, அதுலதானே தினம் சாப்பாட்டை மாட்டிண்டு போவார்!”