தப்பாக வாசிக்க ஒருவர்

"நல்லா வாசிக்க நூறு பேர் இருக்காங்க. தப்பா வாசிக்கத்தான் ஆளே கிடைக்க மாட்டேங்குது!"

இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டார். ஒலிப்பதிவாளன் தலையாட்டினான். ஸ்டூடியோவில் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர். பக்கத்து அறையில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தாலும் பதிவை நிறுத்திவிடுவான்.

படம் ஒரு வயலின் டீச்சரையும் அவருடைய மாணவியையும் பற்றியது. வில்லைப் பிடிக்கவே தெரியாமல் வருகிற பெண், கடைசிக் காட்சியில் அரங்கத்தையே எழுந்து நிற்க வைக்கிறாள். அவள் வாசிக்கிற காட்சிகள் ஏழு. ஏழிலும் வாசிப்பு படிப்படியாகத் தேற வேண்டும்.

ஐந்து பேர் வந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"எல்லாம் செட்டப் தப்பு சார். தடுக்கி விழறதுக்கு முன்னாடியே, விழப்போறது அவங்களுக்குத் தெரியுது," என்றான் பாம்புக்காது.

"நிஜமான கத்துக்குட்டியைப் பிடிச்சா, கடைசிக் காட்சிக்கு இருபது வருஷம் காத்திருக்கணுமேப்பா!"

வேறு வழியில்லாமல், இசையமைப்பாளர் தயங்கித் தயங்கி ஒரு பெரிய வயலின் வித்வானுக்கே போன் செய்தார். ஏறக்குறைய ஒரு வருஷமாக எந்தக் கச்சேரிக்கும் போகாமல் வீட்டோடு இருந்தவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"மாசத்துக்கு ஒண்ணு. ஒரே டேக். சரின்னா வர்றேன்."

படப்பிடிப்பு முடிய எப்படியும் எட்டு மாதம் ஆகும். சரி என்றார்கள்.

முதல் நாள் மனைவியோடு வந்தார். வயலின் பெட்டி அந்த அம்மாவின் கையில். வித்வான் நிதானமாக நடந்து வந்தார். பெரிய மனுஷர் நடை என்று பாம்புக்காது நினைத்துக்கொண்டான். பதிவு அறைக் கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தார்.

தந்தி கீச்சிட்டது. இரண்டாவது ஸ்வரம் வழுக்கியது. நின்றது, திரும்ப ஆரம்பித்தது. இருட்டில் சுவிட்சைத் துழாவுகிற மாதிரி விரல் இடத்தைத் தேடியது.

பாம்புக்காதுக்குப் புல்லரித்துவிட்டது. "சார், இவர் நடிக்கப் போயிருந்தா எல்லா ஹீரோவும் வீட்டுக்குப் போயிருப்பான்!"

அடுத்த மாதம் சுண்டுவிரல் மட்டும் அரை மாத்திரை பிந்தியது. அதற்கடுத்த மாதம் சுண்டுவிரல் திருந்திவிட்டது. ஆனால் அதையே கவனித்ததில் வில் தடுமாறியது. நாலாவதில் எல்லாம் வந்துவிட்ட சந்தோஷத்தில் ஓட்டமாக ஓடி மூச்சிரைத்தது. பாம்புக்காது சாப்பாட்டு நேரத்திலும் அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தப்புகூட வளருது சார்! எப்படி யோசிச்சாரோ!"

ஆறாவது பதிவில் பாதியிலேயே வாசிப்பை நிறுத்திவிட்டார். வயலினை மடியில் இறக்கி வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே போய், குனிந்து ஏதோ சொன்னார். மறுபடி வாசித்தார். அந்த மௌனத்தையும் சேர்த்தே படத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார் இயக்குநர்.

ஏழாவது மாதம். அரங்கேற்றக் காட்சி. மூன்றரை நிமிஷம். எங்கும் பிசிறில்லை. மழை பெய்து ஓய்ந்தது போல முடிந்தது. பதிவை நிறுத்தவேண்டும் என்பதே பாம்புக்காதுக்கு மறந்துபோனது. இயக்குநர், இசையமைப்பாளர், மைக் மாட்டுகிறவர் என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பாம்புக்காது உள்ளே ஓடினான்.

"அய்யா, இன்னிக்கு வாசிச்சதைப் பத்திக் கேக்கலை. அது உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. இதுக்கு முன்னாடி வாசிச்ச ஆறுலயும் தப்பை அச்சு அசலா எப்படிய்யா நடிச்சீங்க? என் காதாலயே கண்டுபிடிக்க முடியலையே!"

வித்வான் துணியால் வயலினைத் துடைத்தபடி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"நீயே சொல்லும்மா."

"நடிக்கலை தம்பி," என்றார் அந்த அம்மா. "ஒன்றரை வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து இவருக்கு இடது கை சுத்தமா விழுந்துபோச்சு. இங்க வாசிச்சது எல்லாமே மறுபடி மொதல்லேர்ந்து கத்துக்கிட்டதுதான். நான் தெருவுல இருக்கிற சின்னப் பசங்களுக்கு வயலின் சொல்லித் தர்றவ. முப்பது வருஷத்துல என்கிட்ட வந்து சேர்ந்ததுல, இவர்தான் ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை."