தெற்குப் பக்கம் பேசியவள்

“அடிமை எங்கட சொத்து! எங்கட சொத்தைப் பறிக்க வடக்குக்காரருக்கு என்ன உரிமை?”

மேடையில் பிரெஞ்சில் முழங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் பேனாட்டுக்கு வியர்த்துவிட்டது. அவருடைய ஒரே மகள் அஞ்சலீனா!

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு பள்ளிக்கூடம். 2005ஆம் ஆண்டு. வரலாற்று வகுப்புப் பிள்ளைகளின் விவாதம். உள்நாட்டுப் போர் மூளுவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய அமெரிக்கச் செனற் சபை மாதிரி மேடை. பாதிப் பேர் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லும் வடக்கு. மீதிப் பேர் அதைக் காப்பாற்றத் துடிக்கும் தெற்கு.

“இதென்னப்பா? இவளுக்கு வேற பக்கமே கிடைக்கேல்லையோ?” மனைவி கிறேசின் காதைக் கடித்தார்.

“மெல்லக் கதையுங்கோ. பக்கத்தில மதாம் றோஸ்லீன்.”

அதுதான் அவருக்கும் பயம். மதாம் றோஸ்லீன் ஹெய்ட்டி நாட்டவர்; அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர். மேல்வீட்டில் இருப்பவர். இவர்கள் இரண்டு பேரும் வேலை வேலையென்று ஓடின காலத்தில் அஞ்சலீனா அவர் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். அவருடைய மகள் மிர்லாந்தும் இவளும் ஒரே வகுப்பு.

மதாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

அஞ்சலீனா விடுவதாயில்லை.

“நீங்கள் போட்டிருக்கிற சட்டை எங்கட பருத்தி! ஆர் ஆய்ஞ்ச பருத்தியெண்டு கேட்டோ வாங்கினீங்கள்? லாபத்தில பங்கு வேணும், பாவத்தில மட்டும் பங்கு வேண்டாமோ?”

மண்டபம் கொதித்தது. பின்வரிசையில் கூக்காட்டினார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பேனாட் தலையைக் குனிந்துகொண்டார். ‘கடவுளே, இந்த மனுசியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?’

வடக்கின் கடைசிப் பேச்சாளராக எழுந்தாள் மிர்லாந். நேரே அஞ்சலீனாவின் முன்னால் வந்து நின்றாள்.

“செனற்றர், உங்கட மேசை எப்பவாவது வீட்டை விட்டு ஓடினதோ?”

“இல்லை.”

“கதிரை?”

“இல்லை!”

“அப்ப உங்கட அடிமை மட்டும் ஏன் கனடாவுக்கு ஓடுறான்? ஓடினவனைப் பிடிக்க ஏன் தனிச் சட்டம் போட்டனீங்கள்? சொத்து ஓடாது செனற்றர். மனிசன்தான் ஓடுவான்!”

மண்டபமே எழுந்து நின்றது. கைதட்டல், விசில், மேசையில் தட்டுகிற சத்தம். பேனாட்டும் தன்னை மறந்து எழும்பிக் கைதட்டினார். தோற்றது தன் மகள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரை விட்டு ஓடி வந்த சனமடி நாங்கள்! பிடிக்க வாறவன்ர பக்கமோ நீ கதைக்கிறது?”

“விவாதம்தானே அப்பா.”

“அப்பிடியெண்டா ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இருந்திருக்கலாமே! ஏன் தொண்டை கிழியக் கத்தினனீ?”

“நான் ஏனோதானோவெண்டு கதைச்சிருந்தா, மிர்லாந் வெண்டதுக்கு என்ன மதிப்பு?”

“சரி, அப்ப வடக்கில நிண்டிருக்கலாமே! தெற்கு எதுக்கு உனக்கு?”

அஞ்சலீனா கூட்டத்துக்குள் மிர்லாந்தைத் தேடினாள்.

அதற்குள் மதாம் றோஸ்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். பேனாட் பதறிப்போய் முன்னால் போனார்.

“பார்தோன், மதாம்... மன்னிக்கவேணும்... பிள்ளை விளங்காமல்...”

மதாம் அவரைத் தாண்டிப் போய், அஞ்சலீனாவை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

“இவள் உங்களுக்குச் சொல்லேல்லையே? ஆருக்கும் சொல்லவேண்டாமெண்டு மிர்லாந் சத்தியம் வாங்கினவளாம். எனக்கே இண்டைக்குக் காலமைதான் தெரியும்.”

“என்னத்தை, மதாம்?”

“வகுப்பில சீட்டுக் குலுக்கினவை. உங்கட மகளுக்கு விழுந்தது வடக்கு. தெற்கு விழுந்தது என்ர மகளுக்கு.”