யாரும் தொடாத கட்டுரை

"உங்க பட்டியல்லேர்ந்து இந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துடுங்க மேடம். சோத்துல கல்லு மாதிரி உறுத்துது."

தேர்வுக் குழுத் தலைவர் பேனா மூடியால் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் உணவுக் கிருமி ஆய்வாளர். ஆய்வுக்கூடம் முழுக்க அவருக்குப் பெயர் 'பால்காரம்மா'. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் அசராமல் வளரும் புதுக் கிருமி ஒன்று பாலில் இருக்கிறதென்று அவர் எழுதிய முதல் கட்டுரையால் வந்த பெயர் அது. அறுநூறு பேருக்கு மேல் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

தலைமை விஞ்ஞானி பதவி இரண்டு முறை கைக்கெட்டி நழுவியிருந்தது. அடுத்த வருடம் ஓய்வு. இன்று விட்டால் விட்டதுதான். காலையில் கணவர் வாசல்வரை வந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தாயே, வாயைக் கொடுத்து மாட்டிக்காதே" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அதை எடுக்க வேண்டாம் சார்."

"ஏங்க? எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. மேற்கோள் சைபர்! ஈ காக்கா கூட எட்டிப் பாக்கலை."

"இருக்கட்டும் சார்."

தலைவருக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. மனிதர் லேசில் விடுகிற ரகமில்லை.

"தலைப்பைப் பாருங்க, 'பால் மாதிரிகள் பற்றி மேலும் ஒரு குறிப்பு'. இப்படித் தலைப்பு வெச்சா எவன் படிப்பான்? தூக்கம்தான் வரும்."

"அது பத்திரிகைக்காரங்க வெச்சது சார். நான் வெச்ச தலைப்பு ரொம்பக் காட்டமா இருக்குன்னு மாத்திட்டாங்க. படிக்கச் சொல்லி நானே பலபேருக்கு அனுப்பினேன். உங்களுக்கும்தான் அனுப்பினேன்."

"அப்படியா? ஞாபகமே இல்லையே!"

அதுவரை பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த, குழுவின் வெளி நிபுணர் அம்மாள் நிமிர்ந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். ஆளாளுக்குத் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏத்திக்கறாங்க. ஊரே கொண்டாடற உங்க முதல் கட்டுரையை நீங்க ஒரே ஒரு இடத்துலதான் சொல்லியிருக்கீங்க. அதுவும் இந்தச் சைபர் கட்டுரையில. ஏன்?"

"தன்னடக்கம்! வேற என்ன?" தலைவர் முந்திக்கொண்டார். "என்னையே எடுத்துக்குங்க. இவங்க கட்டுரையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மேல ஏறினேன். எங்க லேப்லயும் தேடினோம். எந்தப் பண்ணைப் பாலை எடுத்தாலும் அதே கிருமி! அந்த ஆராய்ச்சிதான் என்னை இந்த நாற்காலியில உக்கார வெச்சுது."

"பாலை மட்டும்தான் சோதிச்சீங்களா சார்?" என்று மெல்லக் கேட்டார் பால்காரம்மா.

"பின்னே, பாலை விட்டுட்டு மேஜை நாற்காலியையா சோதிப்பாங்க?" தலைவர் கடகடவென்று சிரித்தார்.

பால்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கணவரின் முகம் கண்முன் வந்து போனது.

"சரி, விஷயத்துக்கு வருவோம்." தலைவர் பேனாவைத் திறந்தார். "அந்தச் சைபரைத் தூக்குங்க, உங்க மேற்கோள் சராசரி ஏறிடும். இப்பவே கையெழுத்து, பதவி உங்களுக்கு. வெச்சிருந்தா மேலிடத்துல நோண்டி நோண்டிக் கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பால்காரம்மா திரையில் இருந்த அந்தத் தலைப்பைப் பார்த்தார். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். வீட்டுக்கு ஸ்வீட்டோடு போகலாம்.

"பதவி வேணும் சார். ஆசை இல்லேன்னு சொன்னா அது பொய். ஆனா நான் எழுதினதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான். அதை எடுக்க மாட்டேன்."

"அட, அப்படி என்னதாம்மா இருக்கு அதுல?"

"ஒரே பக்கம்தான் சார். படிச்சுப் பாருங்களேன்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிபுணர் அம்மாளோ டீ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. படித்து முடித்ததும் பதவி உயர்வுத் தாளை இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் தலைவர் பக்கம் திருப்பி, உரக்கப் படித்தார்.

"'பாலில் புதுக் கிருமி இருப்பதாக நான் முன்பு எழுதியது தவறு. அந்தக் கிருமி பாலில் இல்லை; பாலில் கலந்து சோதிக்க நான் எடுத்த ஆய்வுக்கூடத் தண்ணீரில்தான் இருந்தது. மற்ற ஆய்வுக்கூடங்களின் தண்ணீரிலும் அது இருக்கலாம். அந்தக் கட்டுரையை இனி யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.' இப்ப சொல்லுங்க சார், யாரோட பட்டியல்லேர்ந்து எதை எடுக்கணும்?"