லினக்ஸில் ஓடுமா?

செராஸ் வட்டாரத்து மின்சாதனக் கடையில், கண்ணில் மாட்டும் நான்காவது வி.ஆர். ஹெட்செட்டையும் என் கணவர் சுகுமாறன் அருவருப்போடு கீழே வைத்தார்.

"இதாவது நம்ம வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஓடுமா?"

"ஓடும் பாஸ். ஆனா கம்பெனி அக்கவுண்ட் திறக்கணும்," என்றார் கடைக்காரர்.

"இத்தனை கேமரா எதுக்கு?"

"நீங்க எங்க நிக்கிறீங்க, எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பாக்க."

"நான் எங்க நின்னா அவனுக்கு என்ன லா? அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற புத்தி. இதுக்குத்தான் விண்டோஸையே நான் வீட்டுல சேக்கிறதில்ல. த்தூ."

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே ரொம்ப உஷார், அக்கா."

"தலை வலிக்குது. மருந்துக் கடைக்குப் போயிட்டு வரேன்," என்று வெளியே வந்தேன்.

சாலையைக் கடந்ததும் கைப்பேசி ஒலித்தது. அவர்தான்.

"மருந்துக் கடை இந்தப் பக்கந்தானே இருக்கு? ரோட்ட ஏன் தாண்டுன?"

ஜன்னலே இல்லாத அந்தக் கடைக்குள்ளிருந்துதான் கேட்டார்.

நான் போகுமிடமெல்லாம் தன் கைப்பேசியில் பார்க்க, என் கைப்பேசியில் அவரே ஒரு புரோகிராம் எழுதிப் போட்டிருக்கிறார். அது எந்த அக்கவுண்டும் கேட்பதில்லை. வீட்டில் அவருடைய லினக்ஸிலும் அருமையாக ஓடுகிறது.