பெட்டிக்குள் என்ன?

“டாக்டர் உயிரோட திரும்பி வருவார்னு வெளியில யாரும்மா சொன்னது?”

தயாரிப்பாளர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எடிட்டரைப் பயமுறுத்தியது. எப்போதும் கத்துகிற மனிதர் கத்தாமல் பேசினால், முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

மேஜையில் ஒரு தாள் இருந்தது. இடது பக்கம், ‘மூணாம் மாடி அக்கா’ என்ற பெயரில் யாரோ ஒரு ரசிகை தன் இணையப் பக்கத்தில் எழுதியவை, எழுதிய தேதியோடு. வலது பக்கம், அதே சம்பவங்கள் சீரியலில் ஒளிபரப்பான தேதி. மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் அந்த அக்கா ஐந்து நாள் முன்னதாகவே போட்டு உடைத்திருந்தாள்.

தயாரிப்பாளர் ஒன்றைப் படித்துக் காட்டினார். “‘டாக்டர் செத்துட்டாராம், நான் நம்பணுமாம். பொணத்தோட மூஞ்சியை ஒரு தடவையாவது காட்டினாங்களா? வியாழக்கிழமை கழுத்துல கட்டோட வந்து நிப்பார், பாருங்க.’ வந்து நின்னாரா இல்லையா?”

நின்றார். கட்டும் இருந்தது. அந்தக் காட்சியை வெட்டி ஒட்டியவளே இவள்தான்.

“சத்தியமா நான் சொல்லலை சார்.”

அவர் காதில் வாங்கவில்லை. நடிகர்களுக்கு அவரவர் வசனப் பக்கம் மட்டும்தான் தருகிறோம், முழுக்கதையையும் முன்கூட்டியே பார்க்கிறவள் நீ ஒருத்திதான் என்றார். அதோடு விடவில்லை. அக்காவின் பக்கத்தில் தினமும் போய் ‘சூப்பர் அக்கா’ என்று எழுதுகிறவர்களில் இவளுடைய தங்கையும் இருப்பதை ஆள் வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

எடிட்டருக்கு அழுகை முட்டியது. அந்தத் தங்கை, அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லேன் எனக் கெஞ்சிப் பார்த்து, கடைசியில் “கல்லுளிமங்கி” என்று திட்டிவிட்டு இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதைச் சொன்னால் இங்கே யார் நம்பப் போகிறார்கள்?

ஆதரவுக்கு மூலை நாற்காலியைப் பார்த்தாள். அங்கே சீரியலின் கதாசிரியர் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் ‘வசனம் சார்’. நான்கு மாதத்துக்கு முன்னால் இழுத்து மூட இருந்த சீரியலை முதலிடத்துக்குக் கொண்டுவந்த புண்ணியவான். அன்றன்றைய படப்பிடிப்புக்குக் காலையில்தான் சுடச்சுட எழுதுவார். அவரைக் கேள்வி கேட்க இந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. அவருடைய சொதப்பல்களை எத்தனை தடவை கத்திரி போட்டுக் காப்பாற்றியிருக்கிறாள்! அந்த மனிதரோ தலை நிமிராமல் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். எரிச்சலாக வந்தது அவளுக்கு.

“நேத்து அந்த அக்கா என்ன எழுதியிருக்கா தெரியுமா?” என்றார் தயாரிப்பாளர். “‘பூட்டி வச்சிருக்கிற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நாளைக்குப் பதினோரு மணிக்குச் சொல்றேன்.’ மூணு வாரமா ஊரே அந்தப் பெட்டியைப் பத்தித்தான் பேசுது. அது வெளிய வந்துட்டா அப்புறம் நம்ம சீரியலை எவன் பாப்பான்? அதான் காலையிலேயே வக்கீலை அவ வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

வசனம் சார் சட்டென்று நிமிர்ந்தார். “வக்கீல் எல்லாம் எதுக்கு சார்? பாவம், ஒரு ரசிகைதானே.”

முகம் தெரியாத ரசிகைக்குக் காட்டுகிற இரக்கத்தில் பாதியை எனக்குக் காட்டியிருக்கலாம் என்று எடிட்டர் நினைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. வக்கீல்தான். தயாரிப்பாளர் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அந்த அம்மாள் நோட்டீஸைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய்ப் பக்கத்தையே அழித்துவிட்டாளாம். இனி இந்தச் சீரியலைப் பற்றி மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் மட்டும், எல்லாம் நானே யோசித்தது என்று சாதிக்கிறாளாம்.

“வேற எப்படிச் சொல்லுவா? காட்டிக் குடுக்க மனசு வராதுல்ல.” தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை எடிட்டர் பக்கம் தள்ளினார். “நீயா விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்துடும்மா. இல்லேன்னா காரணத்தை நானே எல்லார்கிட்டயும் சொல்லவேண்டி வரும்.”

காரணம் தெரிந்தால் எந்த எடிட்டிங் அறையும் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். பேனாவை எடுத்தாள். தேதியை எழுதினாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உதவி இயக்குநர் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கீழ்த்தளத்தில் எல்லோரும் ஒப்பனையோடு காத்திருப்பதாகச் சொன்னாள்.

“மூத்த மருமக பெட்டி முன்னாடி உக்காந்து அரைமணி நேரமாச்சு சார். உள்ள என்ன வைக்கணும்னு தெரிஞ்சா உடனே எடுத்துடலாம். காலையிலேருந்து வசனம் சார்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். பதினோரு மணிக்குச் சொல்றேன்கிறார்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. எடிட்டரின் பேனா அப்படியே நின்றது. தயாரிப்பாளர் மெதுவாக மூலைப் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க வசனம். பெட்டிக்குள்ள என்ன?”

அவர் கைபேசியை இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எனக்கு எப்படி சார் தெரியும்? நாலு மாசமா அந்தம்மா எழுதறதைப் பாத்துத்தானே நான் எழுதறேன்... அவங்க வாயைத்தான் நீங்க அடைச்சிட்டீங்களே.”